கீழ்வீட்டுக் கும்பியா

இல்ல தம்பி, பைப் ஒண்டும் ஒழுகல்ல. ஹீற்றரும் நல்லா வேலை செய்யுது. என்ட வீட்டில ஒரு குறையும் இல்ல. நான் வந்தது கீழ்வீட்டு அலுவலா. எண்ணூற்று ஆறு. ஓம், அந்தக் கொலம்பியாச் சனம்தான். முப்பதாந் திகதியோட வீட்டை விடச்சொல்லி நீங்க கதவில ஒட்டின கடுதாசியைப் பாத்தன். நீங்க ஒட்டல்ல, சரி, ஹெட் ஒபிஸ்காரன் ஒட்டினான். ஆர் ஒட்டினாலும் ஒட்டினதுதானே. நான் தொள்ளாயிரத்து ஆறு. அவங்கட முகட்டுக்கு மேலதான் என்ட நிலம். குஞ்சித்தம்பி எண்டு எழுதுங்க. எழுத வேணாமோ? சரி, மறுகா எழுதுவம்.

ஏன் சிரிக்கிறீங்க? மறுகா எண்டதுக்கோ? நீங்க யாழ்ப்பாணம்போல. நாங்க மட்டக்களப்பு தம்பி, பிறகு எண்டுறதை நாங்க அப்பிடித்தான் சொல்லுற. பக்டரியிலயும் எங்கட பெடியள் சிரிக்கிறவங்கதான். இராஜரட்ணம் எண்டு மேசையில பேரைப் பாத்ததும் உள்ளுக்க வந்தன். தமிழ் ஆள் ஒராள் இந்த ஒபிஸில இருக்கிறது எவ்வளவு உதவி. முந்தி இருந்த வெள்ளைக்காரியிட்ட வந்தா, நான் கதைச்சு முடிக்க முன்னம் அவ தலையாட்டி முடிச்சிருவா.

இருக்கட்டோ? வெளிய பனி கொட்டுது, சப்பாத்தெல்லாம் சினோ. கம்பளம் நனையப் போகுது. பரவாயில்லையோ, சரி.

விசயம் இதுதான். இது நவம்பர் மாசம். அவங்களுக்கு ரெண்டு பிள்ளைகள், மூத்ததுக்கு நாலு வயசு, மற்றது இப்பத்தான் சுவரைப் பிடிச்சு நடக்குது. வேற பில்டிங்குக்குப் போனா முந்தின வீட்டு ஒபிஸில ஒரு லெற்றர் கொண்டா எண்டுதானே கேப்பான்? நெருப்பு வைக்கிற சனம் எண்டு நீங்க லெற்றர் குடுத்தா ஆர் வீடு குடுப்பான்? அகதிக் கேஸும் இன்னும் முடியல்ல. அதால அவங்களை இருக்க விடவேணும். அதைக் கேக்கத்தான் வந்தன்.

நல்ல சனம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்கதான். அது உங்களுக்குக் காணாது, தெரியும். முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். அவசரமோ? சனிக்கிழமை ஒரு மணிக்குத்தானே பூட்டுவீங்க. ஒள்ளம் கேளுங்க, கொஞ்ச நேரம்தான்.

போன வருசம் மார்கழி. நான் இந்த பில்டிங்குக்கு வந்து மூண்டு மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், வேலையால வந்து குளிச்சிட்டுச் சோத்தைப் போட்டுக்கொண்டு இருக்கக்குள்ள சுவருக்குள்ள ஒரு சத்தம். சர்ர்ர் சக்குச்சக்கு, சர்ர்ர் சக்குச்சக்கு. காத்து வாற பைப்புக்குள்ள ஒரு குருவி அகப்பட்டு நிகத்தால விறாண்டுது எண்டு நினைச்சன். அது சாகப்போகுது, நான் இஞ்ச மீன்குழம்பு தின்னுறன். எனக்குச் சோறு இறங்கல்ல. ஓடிவந்து பில்டிங்கைப் பாக்கிற உங்கட சூப்பரைக் கூப்பிட்டன், அந்தப் போத்துக்கீசனை. குருவிக்கும் எனக்கு இங்கிலீசு தெரியும், பைப்புக்கும் தெரியும், ரெண்டையும் சேத்துச் சொல்லத்தான் தெரியா. ரெண்டு கையையும் அடிச்சு அடிச்சுக் காட்டினன். அவன் ஏணி வைச்சு ஏறி, கம்பிவலையைக் கழட்டி, லைற் அடிச்சுப் பாத்தான். தூசிதான் விழுந்தது. மறுகா என்னை ஒருக்கா லைற் அடிச்சுப் பாத்தான். உந்த பைலில அது இருக்கோ தெரியா. நான் குடுத்த முதல் கொம்பிளெயின் குருவிதான்.

அடுத்த சனிக்கிழமையும் அதே சத்தம். கூடவே அடியில மேளம். சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு படியால இறங்கினன். எட்டாம் மாடியில கதவு திறந்து கிடக்குது. மெழுகு மணக்குது. எட்டிப் பாத்தா, நாலு பொம்பிளைகள், நாலு பேரும் வெள்ளைச் சட்டை, நிலத்தில முட்டுற பாவாடை. ஒவ்வொருத்திட கையிலயும் ஒரு பிடி மெழுகுதிரி எரியுது. வீட்டு லைற்றை எல்லாம் நூத்துப் போட்டாங்க. கால் தூக்காமல், சிரிக்காமல், வட்டமாச் சுத்தி வாறாங்க. ஒராள் நீட்டுத் தடி ஒண்டை வாயில வைச்சு ஊதுறார், அது ஆரோ மூக்கால அழுற மாதிரி. மேளம் மெல்ல மெல்ல அடிக்குது.

செத்தவீடு எண்டு நினைச்சிட்டன் தம்பி. நீங்க என்னத்தை நினைப்பீங்க?

எங்கட பக்கத்தில செத்தவீட்டுக்கு ஆரும் அழைக்கத் தேவையில்ல. அறிஞ்சாப் போகவேணும். உங்கட பக்கமும் அதுதானே. கலியாணத்துக்குத்தான் ஆள் வந்து சொல்லவேணும். ஒரே பில்டிங், என்ட நிலத்துக்குக் கீழ ஒரு உசிர் போய்க்கிடக்க, நான் மேல கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறதோ? ஓடிப்போய் வெள்ளைச் சேட் ஒண்டைப் போட்டன். சப்பாத்தை வாசலில கழட்டினன். உள்ளுக்க போய்ச் சுவரோரமா நிலத்தில இருந்து தலையைக் குனிஞ்சுகொண்டன். ஆர் செத்தது எண்டு தெரியா, ஆரிட்டக் கேக்கிற? அறைக்கதவு ஒண்டு சாத்தியிருந்தது. அதுக்குள்ளதான் கிடத்தியிருக்கிறாங்க எண்டு நினைச்சு அந்தப் பக்கம் பாத்து ஒருக்காக் கும்பிட்டன். ஒராள் வந்து பியர்ப் போத்தலை நீட்டினார். வேணாம் எண்டு கையைக் காட்டினன். நான் போனதோட அவங்களும் வாயைப் பொத்திற்றாங்க, ஆட்டமும் ஒரு மாதிரிச் சுருங்கிற்று. ஒரு கால் மணித்தியாலம் இருந்திட்டு எழும்பி வந்தன். செத்தவீட்டில போயிட்டு வாறன் எண்டு சொல்லப்படாதே. ஒருத்தர் முகத்தையும் பாக்காமல் வந்திட்டன்.

அடுத்த நாள் விடியக் கதவில தட்டு. புருசனும் பொஞ்சாதியும் நிக்கிறாங்க, கையில ஒரு தட்டு நிறையச் சோள ரொட்டி. பொஞ்சாதிட முகம் வெளிறிக் கிடக்குது. அவங்க என்ன நினைச்சிருக்கிறாங்க எண்டா, சத்தம் தாங்கேலாமல் மேல்வீட்டுக்காரன் வந்து நிலத்தில இருந்து சத்தியாக்கிரகம் செய்திட்டுக் கோவத்தோட போயிட்டான் எண்டு. சொறி, சொறி எண்டு அவன் நெஞ்சில கை வைக்கிறான். நானும் சொறி, சொறி எண்டு நெஞ்சில கை வைக்கிறன். ஆர் செத்தது எண்டு கேட்டன். அவன் பொஞ்சாதியைப் பாத்தான். மறுகா என்னைப் பாத்துச் சொன்னான், ஆரும் சாகல்ல, சனிக்கிழமை எண்டு.

சனிக்கிழமையாம். அவ்வளவுதான் காரணம்.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் அண்டைக்கு அவடத்திலயே சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்துபோச்சு. நான் கனடாவுக்கு வந்து முதல் சிரிச்சது அண்டைக்குத்தான் எண்டு நினைக்கிறன். அவனுக்கு எப்ராயின் எண்டு பேர். அவ நெல்லி.

அந்தக் குருவியையும் அண்டைக்குத்தான் பிடிச்சன். ஒரு மூங்கில்மாதிரித் தடி, குறுக்கால கீறு கீறாய் வெட்டியிருக்கு. கம்பி முள்ளொண்டால உரசுறான், சர்ர்ர் சக்குச்சக்கு. அவங்கட காட்டில ஒரு குருவி இருக்காம், விடியக்குள்ளயும் மழை வாறதுக்கு முன்னமும் அப்பிடித்தான் கத்துமாம். அந்தக் குருவிட பேர்தான் தடிக்கும். அப்ப நான் குருவி எண்டது பிழையில்லயே. போத்துக்கீசனிட்டச் சொல்லுங்க.

கும்பியா எண்டு சொல்லுறாங்க அந்தப் பாட்டுக்கு. ஊரில கலியாணத்தில போடுற பைலாப் பாட்டு மாதிரியோ? பைலா ஓடும் தம்பி. இது நடக்கும். ஓடுறதை விட நடக்கிறதுதான் ஆளை இழுக்கும், நீங்க கேட்டுப் பாக்கவேணும். அதில ஒரு சாமானும் கடையில வாங்கினது இல்ல. ஊதுற தடி கள்ளி மரத்திட நடுத்தண்டு. அதுட தலை தேன்மெழுகும் அடுப்புக்கரியும் சேத்துப் பிசைஞ்சது. வாய் வைக்கிற இடத்தில ஒரு வாத்திறகுக் குழல். ஆட்டுத்தோல் மேளம். சுரைக்காய்மாதிரிக் காய்க்குள்ள விதையைப் போட்டுக் கிலுக்கிறது. ஊதுற தடியிலயும் ஆண் பெண் இருக்கு. பெண் தடிக்கு அஞ்சு ஓட்டை, ஆண் தடிக்கு ரெண்டுதான். ஆம்பிளைக்குக் கதைக்கக் கனக்க இல்லயாம், அவன் ஒரு கையால ஊதிக்கொண்டு மற்றக் கையால கிலுக்கிக் குடுக்கவேணுமாம். சொல்லிப்போட்டு நெல்லியைப் பாத்துக் கண்ணடிக்கிறான்.

ஏப்ரல் மாசம் அந்த இறகு வெடிச்சுப்போச்சு. என்னையும் கூட்டிக்கொண்டு ஆத்தோரப் பார்க்குக்குப் போனான் இறகு பொறுக்க. இஞ்சத்த வாத்தைத் தெரியும்தானே, ரவுடி. பிடுங்கப்படாது, அதுவா விழுத்தினதைத்தான் எடுக்கவேணும், இல்லாட்டி ஊதக்குள்ள நாக்கைக் கடிக்கும் எண்டான். அதை வாத்துக்கு ஆர் சொல்லுற? ரெண்டு பேரையும் கலைச்சுது. நாப்பத்தொரு வயசில நான் வாத்துக்குப் பயந்து வேலி பாஞ்சன். அவன் ஓடி ஓடியே அந்த வாத்துக்கு ஒரு பாட்டுக் கட்டிப்போட்டான். அடுத்த சனிக்கிழமை பாத்தா அந்தப் பாட்டில நானும் வாறன்.

பாட்டெல்லாம் அப்பிடித்தான். நண்டு ஒண்டு சப்பாத்து வாங்கக் கடைக்குப் போகுதாம், எத்தினை சோடி குடுக்கிற, எந்தப் பக்கம் பாத்துப் போட்டுவிடுற எண்டு தெரியாமல் கடைக்காரன் கடையைப் பூட்டிப்போட்டு ஓடுறானாம். இதுக்குப் போய் மெழுகுதிரி கொழுத்திச் செத்தவீடு மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு சுத்துறாங்க.

நானோ? ஓம், ஆடினன். ஆடாமல் இருக்கேலாது தம்பி, அதுதான் பிரச்சினை.

எனக்குக் கூத்தும் தெரியா, ஒண்டும் தெரியா. ஆனா என்ட கால் அதை முந்தியே தெரிஞ்சுவைச்சிருந்தது. அந்த ஆட்டத்தில காலைத் தூக்கப்படாது. நிலத்தோட உரசி உரசித்தான் போகவேணும். ஆத்து மணலில தண்ணி காலை இழுக்கும், அந்த நடைதான் இது எண்டு எப்ராயின் சொல்றான். நான் வாவியில இறால் பிடிச்சவன். முழங்கால் தண்ணியில காலைத் தூக்கித் தூக்கி வைச்சா திருக்கையில மிதிச்சிருவம். வாலால அடிச்சுதெண்டா மூண்டு நாள் கத்தவேணும். அதால நாங்க உரசித்தான் நடக்கிற, அது அறிஞ்சு விலகிப் போயிரும். அந்த நடையைத்தான் நடந்து காட்டினன். எல்லாரும் கையைத் தட்டினாங்க. ஸ்காபரோவில, எட்டாம் மாடியில, கம்பளத்துக்கு மேல நான் திருக்கைக்குப் பயந்து நடக்க அவங்க அதை ஆட்டம் எண்டுறாங்க. ஆம்பிளை தொப்பியைக் கொண்டுபோய்ப் பொம்பிளைட தலையில வைக்கப் பாக்கவேணும். அவ மெழுகுதிரியை நீட்டி விரட்டவேணும். விலகாட்டி மயிர் கருகும். நெல்லி என்னை விரட்ட எப்ராயின் மேளத்தை விட்டுப்போட்டுச் சிரிப்பான்.

கலியாணம் முடிச்சனான்தான். தவமலர் எண்டு பேர். நான் வந்து ரெண்டு வருசம், அவ கொழும்பில ஒரு லொட்ஜில. கனடாவுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் இண்டைக்கு நாளைக்கு எண்டு வைச்சிருந்தான். லொட்ஜுக்குக் கீழ ஒரு கடை, அதில இருந்து சனிக்கிழமை எட்டரைக்கு எடுப்பா. எங்களுக்கு இரவு எட்டரை, அவவுக்கு ஞாயிறு விடிய. அதால நான் ஏழு மணிக்குக் கீழ போவன், எட்டே காலுக்கு எழும்பிருவன். நான் மறந்தாலும் நெல்லி சுவர் மணிக்கூட்டைக் காட்டுவா. போ, போ, மனிசி, எண்டுவா. எங்கட சொல் ஒண்டைப் பழக்கி வைச்சிருந்தன், பொஞ்சாதிக்கு மனிசி எண்டு.

தவத்துக்கும் அதைக் கேக்க விருப்பம். ஒருக்கா ரிசீவரைக் கொண்டுபோய் நிலத்தில கவிட்டு வைச்சன். கீழ இருந்து மேளம் ஏறுது, நான் பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கிறன். எடுத்துக் காதில வைச்சா அவ சிரிக்கிறா. குருவி எங்க, குருவிட சத்தம் வரல்லயே எண்டா. அடுத்த கிழமையும் குருவியைத்தான் கேட்டா. வந்ததும் முதல்ல கீழ்வீட்டுக்குத்தான் போகவேணும் எண்டா.

ஓம் தம்பி, விசயத்துக்கு வாறன்.

அந்தக் கொம்பிளெயின் லெற்றர் இருக்குத்தானே, ஓகஸ்ற் மாசம் கதவுக்குக் கீழால போட்டது. பேர் இல்லாத லெற்றர். அதை எழுதின ஆளே வந்து, நான் பிழையா எழுதிப்போட்டன், திருப்பித் தாங்க எண்டு கேட்டா, நீங்க குடுப்பீங்களோ? குடுத்தா அந்த நோட்டிஸ் நிக்குமோ?

ஏலாதோ. ஹெட் ஒபிஸுக்குக் கொப்பி போயிட்டுது. சத்தம் மட்டும் எண்டா ஒரு வோர்னிங்கோட விட்டிருப்பாங்க, நெருப்பு எண்டதாலதான். ஓம், விளங்குது. நெருப்பு எண்டா இன்சூரன்ஸ்காரனும் வருவான். ஆனா தம்பி, அது மெழுகுதிரி. ஆடி முடிய எல்லாத்தையும் வாளித் தண்ணியில தோய்ச்சு வைப்பாங்க. ஒரு கம்பளம் கருகல்ல, ஒரு நூல் கருகல்ல. அந்த நெருப்பு எண்ட வரியை நான் சொல்லவே இல்ல. பாக்கியராசாதான் போட்டது. எங்களுக்கெல்லாம் போம் நிரப்பித் தாறவர், அஜின்கோர்ட்டில இருக்கிறார். சத்தம் எண்டு மட்டும் எழுதினாக் குப்பையில போடுவான், நெருப்பையும் சேர் எண்டார். நான் தலையாட்டிப்போட்டன்.

ஓம். நான்தான் குடுத்த.

அப்பிடிப் பாக்காதீங்க. அவங்களைக் கலைக்கச் சொல்லி நான் கேக்கல்ல. வீட்டை விட்டு எழுப்புவாங்க எண்டு எனக்குத் தெரியா. ஒபிஸில இருந்து ஆராவது போய்ச் சனிக்கிழமையில மட்டும் அடிக்காதீங்க எண்டு சொல்லுவாங்க எண்டுதான் நினைச்சன். என்ட வாயால சொல்ல ஏலாது எனக்கு. என்னெண்டு சொல்லுற, அந்த முகத்தைப் பாத்து?

அவங்களுக்குத் தெரியா. இல்ல, சந்தேகமும் இல்ல. ஆர் எழுதியிருப்பான் எண்டு எப்ராயின் என்னிட்டத்தான் கேக்கிறான். நேத்துப் பின்னேரம் ரெண்டு மேளத்தையும் அந்தத் தடியளையும் கொண்டுவந்து என்ட வீட்டில வைச்சிட்டாங்க. போற இடம் தெரியா, ஹீற்றர் இல்லாத இடத்தில வைச்சாத் தோல் வெடிக்குமாம், நீ பத்திரமா வைச்சிரு எண்டான். நெல்லி அந்தக் குருவித்தடியை ஒரு துவாயில சுத்தித் தந்தா. இது மனிசிக்கு, வந்ததும் அவட கையில குடு எண்டா. இரவு முழுக்க அது மேசையில கிடந்தது. விடிஞ்சதும் உங்களிட்ட வந்திட்டன்.

ஏன் எழுதின எண்டு கேக்கிறீங்க. கேக்கத்தான் வேணும்.

ஜூன் மாசம், பதினெட்டாந் திகதி. எப்ராயினுக்குப் பிறந்தநாள். வழமையை விடக் கனக்கச் சனம். நான் எட்டே காலுக்கு எழும்பல்ல. மணிக்கூடு தெரியும், நேரம் தெரியும். பத்து மணி வரைக்கும் அங்கதான் நிண்டன். அடுத்த கிழமை எட்டரைக்கு இருந்தன், போன் வரல்ல. அதுக்கு அடுத்த கிழமையும் வரல்ல. மறுகா அந்தக் கடைக்கு நான் எடுத்து, லொட்ஜில இருந்த அருள்மலர் எண்ட பிள்ளையைக் கூப்பிடச்சொல்லிக் கதைச்சன். அவதான் சொன்னது. எங்கட அந்தச் சனிக்கிழமை இரவு, அங்க ஞாயிறு விடிய, ஏஜென்சிக்காரன் வந்திருக்கிறான். திங்கட்கிழமை ஒரு குறூப் போகுது, ஒராளுக்கு இடம் இருக்கு, வேற பாதை, கப்பலிலயும் கொஞ்சம் போகவேணும், ஓமோ இல்லயோ எண்டு இப்பவே சொல் எண்டிருக்கிறான். தவம் என்னைக் கேக்காமல் ஒண்டுக்கும் ஓம் சொல்ல மாட்டா. கடைக்குள்ள நிண்டு நாலு தரம் எடுத்திருக்கிறா. ஏஜென்சிக்காரன் வாசலில நிண்டு பாத்திட்டுப் போயிட்டான். அந்த இடத்துக்கு வேற ஒரு பிள்ளை போனது. அது இப்ப மிசிசாகாவில இருக்குதாம்.

அவ நாலு நாள் லொட்ஜில இருந்திட்டு, அம்மாவைப் பாத்திட்டு வாறன் எண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினவ. பஸ்ஸை ஓட்டமாவடிக்கு இஞ்சால மறிச்சு இறக்கினதாச் சொல்றாங்க. ஆம்பிளைகளைத்தான் பிடிச்சது, பொம்பிளைகளை விட்டிட்டாங்க எண்டு ஒராள் சொல்றார். வீட்டுக்குப் போய்ச் சேரல்ல எண்டு அவட அம்மா எழுதியிருக்கிறா. ரெட்குரோஸுக்கு எழுதினன். கிறாமசேவகருக்கு எழுதினன். அஞ்சு மாசம் தம்பி. இருக்கிறா எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல, இல்ல எண்டு சொல்லவும் ஒருத்தரும் இல்ல.

கீழ்வீட்டுக்கு நான் இது ஒண்டும் சொல்லல்ல. மனிசி எப்பிடி எண்டு கேப்பாங்க, நல்லம் எண்டுவன். சனிக்கிழமை எட்டரைக்குப் போனுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பன். கீழ துடங்கும், சர்ர்ர் சக்குச்சக்கு எண்டு. இந்தக் கால் இருக்கே, நான் அழுதுகொண்டிருக்கிறன், இது கதிரைக்குக் கீழ உரசுது. கையால அமத்திப் பிடிச்சும் பாத்தன். வெட்கமாக் கிடந்தது. பாட்டு நிண்டா இதுவும் நிக்கும் எண்டு நினைச்சுத்தான் பாக்கியராசாவிட்டப் போன. வேற ஒண்டும் இல்ல.

ஓம், போன் கதைக்கிறதைப் பதியிற மெசின் இப்ப வாங்கி வைச்சிருக்கிறன். வேலைக்குப் போகக்குள்ள போட்டுவிடுவன். தவம், நான் வேலையில, நீ எங்க நிக்கிற எண்டதைச் சொல்லிப்போட்டு வை எண்டு என்ட குரலில சொல்லி வைச்சிருக்கிறன். இதுவரைக்கும் ரெண்டு தரம் பிழையான நம்பர் வந்திருக்கு.

சரி தம்பி, உங்களால ஏலாது எண்டா ஏலாதுதான். நீங்களும் சம்பளத்துக்கு இருக்கிற ஆள். ஒரு உதவி மட்டும் செய்வீங்களோ? அந்த லெற்றரில ரெண்டாவது வரி இருக்குது, வாசிங்க. ஓம், அதுதான். இவங்கட சத்தத்தால போன் அடிச்சதே கேக்கல்ல, அதால எனக்கு வந்த முக்கியமான கோல் தவறிப்போச்சு எண்டு இருக்கு. நெருப்பு வரியை விட்டாலும் பரவாயில்ல. இதை ஒரு பேனையால வெட்டிவிடுங்க. ஹெட் ஒபிஸ்காரன் வந்து பைலைப் பாத்தாலும் வெட்டினதாப் பாக்கட்டும்.

ஏனெண்டா அது பொய். நாலு தரம் எடுத்தாவே, கடைசி மூண்டும் எனக்குக் கேக்கல்ல, அது உண்மை. முதலாவது கேட்டது. ஒரு பாட்டு முடிஞ்சு, எப்ராயின் குனிஞ்சு மேளத்துக் கயித்தை இறுக்கிக்கொண்டிருந்தான், வீட்டில ஒரு சத்தம் இல்ல. முகட்டுக்கு மேல என்ட போன் அடிச்சது. எல்லாருக்கும் கேட்டது. நெல்லி மெழுகுதிரியோட மணிக்கூட்டைக் காட்டினா, மனிசி எண்டா. நான் தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு ஒரு விரலைக் காட்டினன், இன்னும் ஒரு பாட்டு எண்டு.